அகீக் கல் காக்குமா?

நம்முடைய வீடுகளில் அகீக் மோதிரத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் சென்று திரும்புகிறவர்கள் ஜம்ஜம் நீர், பேரீச்சம்பழம், தஸ்பீஹ் மணி இவற்றோடு இரண்டு அகீக் கற்களையும் கொண்டு வருகிறார்கள். தர்கா வாசல்களில் அத்தரும் சுர்மாவும் விற்கும் கடைகளில் தட்டு நிறையச் சிவப்பும் தேன் நிறமும் வரிவரியான கறுப்புமாக அவை பரப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. மதுரையில் தெற்காவணி மூலவீதி நகைக்கடைகளுக்கு எடுத்துப் போனால் வெள்ளியில் பதித்துத் தருகிறார்கள். பார்ப்பதற்கு அழகான பொருள். விலையும் வைரம், மாணிக்கம் போல் ஏழைக்கு எட்டாததல்ல.

இதுவரை சொன்னதில் குறை காண ஒன்றுமில்லை. குறை எங்கே தொடங்குகிறது? அந்தக் கல்லோடு சேர்த்து விற்கப்படும் வார்த்தையில் தொடங்குகிறது. வளைகுடாவுக்குப் புறப்படும் மகனுக்கு இது கண்ணேறு போக்கும் என்கிறார்கள். வரன் தள்ளிப்போகும் மகளுக்கு இது நஸீபைத் திறக்கும் என்கிறார்கள். நஷ்டத்தில் ஓடும் கடைக்கு பறக்கத் தரும் என்கிறார்கள். அண்டை வீட்டார் ராசிக்கல் அணிவதைப் பார்த்து, "எங்கள் மார்க்கத்தில் அதற்குப் பதில் அகீக் இருக்கிறது" என்று சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. கையில் பணமில்லாத நேரத்தில், கஷ்டம் தீரட்டும் என்று கடன் வாங்கியும் கல் வாங்குகிறார்கள்.

ஆகவே கேட்டுப் பார்ப்போம். ஒரு கல்லுக்கு என்ன குணம் உண்டு? என்ன குணம் இல்லை? இல்லாத குணத்தை அதனிடம் எதிர்பார்ப்பதால் நமக்கு நேரும் நட்டம் என்ன?

கல்லின் உண்மையான குணங்கள்

அகீக் என்பது மண்ணில் மிகுதியாகக் கிடைக்கும் பொருள்களில் ஒன்றான சிலிக்காவின் ஒரு வடிவம். வைகை ஆற்று மணலின் பெரும்பகுதியும், நம் முன்னோர் நெருப்பு மூட்டிய சிக்கிமுக்கிக் கல்லும் இதே குடும்பம்தான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய படிகங்கள் நெருக்கமாகப் பிணைந்து இறுகியதால் இது வழவழப்பும் உறுதியும் பெற்றது. எரிமலைப் பாறையின் குழிகளில் சிலிக்கா கலந்த நீர் ஊறி, படலம் படலமாகப் படிந்ததால்தான் சில கற்களில் அழகிய வரிகள் அமைகின்றன. சிவப்பு நிறம் இரும்பால் வருவது. பூமியிலிருந்து எடுக்கும்போது பெரும்பாலானவை மங்கிய மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும். சூடு ஏற்றினால் இரும்புச் சத்திலுள்ள நீர் நீங்கி, அது செந்நிறமாக மாறுகிறது. நாம் வியந்து பார்க்கும் அந்தச் சிவப்பு, பல நேரம் சாண வறட்டி மூட்டத்தில் வந்த சிவப்பு.

கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் வைரத்துக்குப் பத்து. அகீக்குக்கு ஆறரை முதல் ஏழு. சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ ஐந்தரைதான். ஆகவே அகீக் கண்ணாடியைக் கீறும். பேனாக்கத்தியால் அதைக் கீறுவது எளிதல்ல. சிவப்புக் கண்ணாடியை அகீக் என்று விற்பவரிடம் ஏமாறாதிருக்க இந்தச் சோதனை உதவும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் போலியில் சிறு காற்றுக் குமிழ்கள் தென்படுவதும் உண்டு. கறுப்புக் கற்களில் பல, சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் கந்தக அமிலத்தில் இட்டுக் கறுக்க வைத்தவை. சொல்லி விற்றால் இதில் குற்றமில்லை. குஜராத்தில் தோண்டியதை யமன் நாட்டுக் கல் என்றும், சாயம் ஏற்றியதை இயற்கை நிறம் என்றும் சொல்லி விற்பது, நனைந்த தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்களே, அந்தக் கண்டனத்துக்கு உரியது.

இக்கல்லுக்கு மெய்யான உபயோகங்களும் உண்டு. இரசாயனக் கூடங்களில் பொருள்களைக் கலப்படமில்லாமல் அரைக்க அகீக் உரலும் குழவியும் வைத்திருக்கிறார்கள். அது தேயாது, எளிதில் எதனோடும் சேர்ந்து மாறாது. தங்க ரேக்குக்கு மெருகேற்ற இதன் வழவழப்பான முனையைப் பயன்படுத்துகிறார்கள். மின்னணுத் தராசு வருவதற்கு முன், ஆய்வுக்கூடத் தராசின் கோல் ஊசலாடுவது அகீக் கல்லால் செய்த கத்தி முனையின் மீதுதான். கடுகளவு எடையையும் பிசகாமல் காட்ட அந்த முனை தேயாதிருக்க வேண்டும். எடையில் வரம்பு மீறாதீர்கள், நிறுவையை நீதமாக நிலைநிறுத்துங்கள் என்று அர்ரஹ்மான் சூராவில் கட்டளையிட்ட நாயன், தராசைத் தாங்கும் தகுதியையும் ஒரு கல்லில் வைத்திருக்கிறான்! அந்தக் கல்லில் பறக்கத் எங்கே என்று கேட்பவருக்கு இதைக் காட்டலாம்.

இவையெல்லாம் அல்லாஹ் அதில் படைத்து வைத்த குணங்கள். யார் சோதித்தாலும், எந்த ஊரில் சோதித்தாலும் அப்படியே இருக்கும். முஸ்லிமின் கையில் கண்ணாடியைக் கீறி, மற்றவர் கையில் கீறாமல் போகாது.

மார்க்கத்தின் தீர்ப்பு

நாயகம் (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் அணிந்தது ஸஹீஹான ஹதீஸ்களில் உள்ளது. பிற நாட்டு மன்னர்கள் முத்திரையில்லாத கடிதத்தை ஏற்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டபோது, தம் திருப்பெயரைப் பொறித்து அந்த மோதிரத்தைச் செய்துகொண்டார்கள். அனஸ் (ரலி) அவர்களின் ஓர் அறிவிப்பில் மோதிரத்தின் குமிழும் வெள்ளியே என்றும், இன்னோர் அறிவிப்பில் அது ஹபஷா நாட்டுக் கல் என்றும் வந்துள்ளது. அந்த ஹபஷிக் கல் அகீக் வகையாக இருக்கலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) விளக்கம் எழுதியிருக்கிறார்கள். ஆதலால் அகீக் பதித்த வெள்ளி மோதிரம் அணிவது ஆண்களுக்கும் ஆகுமானது, அழகானதும்கூட. அடியார்களுக்காக அல்லாஹ் வெளிப்படுத்திய அலங்காரத்தை யார் தடுத்தது என்று திருமறையே கேட்கிறது.

ஆனால் "அகீக் அணியுங்கள், அது பறக்கத்தானது, வறுமையைப் போக்கும்" என்ற கருத்தில் சொல்லப்படும் செய்திகளின் நிலை வேறு. இந்த விஷயத்தில் நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்து உறுதியாக எதுவும் வரவில்லை என்று இமாம் உகைலீ தீர்ப்புச் சொன்னார்கள். இமாம் இப்னுல் ஜவ்ஸீ இவற்றை இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களைத் தொகுத்த தம் நூலில் சேர்த்தார்கள். ஷீஆ மக்கள் தங்கள் இமாம்கள் வழியாக இதற்குச் சிறப்புகள் கூறுகிறார்கள். நம் நாட்டில் பரவிய பேச்சுகளில் சில அங்கிருந்து வந்தவை.

இந்தப் பேச்சு எப்படிப் பிறந்திருக்கும் என்பதற்கு ஹதீஸ்கலை அறிஞர் சிலர் சொன்ன ஊகம் படிப்பினை நிறைந்தது. மதீனாவுக்கு அருகில் ‘அகீக்' என்றே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அந்த பறக்கத்தான பள்ளத்தாக்கில் தொழும்படி நாயகம் (ஸல்) அவர்களுக்கு அறிவிக்கப்பட்டதாக உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் உள்ளது. அரபியில் ‘தகய்யமூ' என்றால் கூடாரமிடுங்கள், ‘தகத்தமூ' என்றால் மோதிரம் அணியுங்கள். இரண்டையும் பிரிப்பது ஓர் எழுத்தின் புள்ளிகள் மேலே இருக்கின்றனவா, கீழே இருக்கின்றனவா என்பதுதான். அகீக் பள்ளத்தாக்கில் தங்குங்கள் என்றிருந்ததை எழுதியவரோ படித்தவரோ பிசகி, அகீக் கல் அணியுங்கள் என்றாக்கியிருக்கலாம் என்கிறார்கள் அந்த அறிஞர்கள். இரண்டு புள்ளிகள் இடம் மாறியதால் ஒரு பள்ளத்தாக்கின் சிறப்பு ஒரு கல்லின் தலையில் ஏறியிருந்தால் எத்தனை பெரிய வியாபாரத்துக்கு எத்தனை சிறிய பிழை காரணம்!

உலகிலுள்ள கற்களில் நம் உள்ளத்துக்கு மிக நெருக்கமானது ஹஜருல் அஸ்வத். அதன் முன்னே நின்று உமர் (ரலி) அவர்கள் பேசியதை அறியாதவர் நம்மில் குறைவு. நன்மையோ தீமையோ செய்ய இயலாத கல்தான் நீ என்பதை அறிவேன் என்றும், நபிகள் நாயகம் (ஸல்) முத்தமிட்டதைக் கண்டதாலேயே முத்தமிடுகிறேன் என்றும் பொருள்பட அவர்கள் கூறினார்கள். கஅபாவின் மூலையில் பதிந்த கல்லிடமே அப்படிப் பேசிய உம்மத், கடைத்தெருவில் வாங்கிய கல்லிடம் மகளின் நஸீபைக் கேட்கலாமா?

நாயகம் (ஸல்) அவர்களின் அந்த மோதிரம் என்னவாயிற்று என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அபூபக்கர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோர் கையில் அது தொடர்ந்து இருந்தது. பிறகு அரீஸ் என்ற கிணற்றில் தவறி விழுந்தது. மூன்று நாட்கள் தேடினார்கள், நீரை இறைத்தும் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. அதன் இழப்புக்காக ஸஹாபாக்கள் வருந்தியிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது போனதால் மார்க்கம் போகவில்லை. குர்ஆனும் சுன்னத்தும் நம்மிடம் இருக்கின்றன. சங்கை மிகுந்த அந்த மோதிரத்தையே நம் கையில் தங்கவிடாத அல்லாஹ்வின் நாட்டத்தில் நமக்குப் பாடம் இல்லையா?

‘போட்டேன், பலித்தது' என்பவர்க்கு

"நான் அணிந்தேன், என் கஷ்டம் தீர்ந்தது" என்று உண்மையாகவே சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை. கஷ்டம் தீர்ந்தது உண்மை. மோதிரம் கையில் இருந்ததும் உண்மை. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதுதான் நிரூபிக்கப்படாதது. அணிந்தும் கஷ்டம் தீராதவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ஆகவே பலித்த கதை மட்டும் தெருவில் நடமாடுகிறது.

இதை ஆராயும் வழியை நமக்குக் காட்டிச் சென்றவரும் ஒரு முஸ்லிம் அறிஞரே. 973ஆம் ஆண்டு பிறந்த அல்பீரூனி, இரத்தினங்களைப் பற்றி ‘கிதாபுல் ஜமாஹிர்' என்ற நூலை எழுதினார். மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் தெறித்துவிடும் என்று அவர் காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். நூல்களிலும் எழுதி வைத்தார்கள். அவர் வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. பாம்பின் கழுத்தில் மரகதமாலை சூட்டினார். அதன் முன்னே மரகதத்தைப் பரப்பினார். குளிரிலும் வெயிலிலும் ஒன்பது மாதம் சோதித்தார். பாம்பின் பார்வை கூடாமலிருந்தால் சரி என்று வேடிக்கையாகச் சொல்லும்படி, ஒன்றுமே நடக்கவில்லை!

நோய்க்கு மருந்து செய்துகொள்ளும்படி நமக்கு ஏவப்பட்டிருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி சொல்லப்பட்டிருக்கிறது. கயிறு ஒட்டகத்தைத் தடுத்து நிறுத்தும், அது கண்கூடு. மருந்து உடலில் வேலை செய்வதும் அனுபவத்தில் தெரிந்தது. இவை காரணங்கள், காரணத்தைக் கையாண்டு, காரணத்தைப் படைத்தவன்மீது நம்பிக்கை வைப்பதே தவக்குல். வஹீயும் சொல்லாத, அனுபவமும் காட்டாத ஒன்றைக் காரணம் என்று பிடித்துக்கொள்வது தவக்குல் ஆகாது. அது கயிறில்லாமல் ஒட்டகத்தை விட்டுவிட்டு, மணலில் ஒரு கோடு கிழித்து வைப்பதைப் போன்றது. கல்லே தானாகக் காக்கும் என்று எண்ணினால் விபரீதம் இன்னும் பெரிது. அது ஷிர்க்கின் வாசற்படி.

அரைப்பவன் மூச்சு

இவ்வளவோடு பேச்சு முடிந்துவிடவில்லை. இல்லாத குணத்தைக் கல்லிடம் தேடிக்கொண்டிருக்கும்போது, அதற்கு உண்மையாகவே இருக்கும் ஒரு குணத்தை நாம் பார்க்கத் தவறிவிடுகிறோம்.

இந்தியாவில் அகீக் தொழிலுக்குப் பெயர் போன ஊர் குஜராத்திலுள்ள கம்பாத். 1342இல் இப்னு பதூதா வந்து இறங்கி, அதன் பள்ளிவாசல்களின் அழகைப் புகழ்ந்த துறைமுக நகரம் அது. பரூச் மாவட்டத்து ரத்தன்பூர்ப் பகுதியில் தோண்டும் கற்கள் இங்கே வருகின்றன. மண்பானையில் இட்டுச் சூடேற்றி, நட்டுவைத்த இரும்பு முளையில் சாய்த்துக் கொம்புச் சுத்தியால் தட்டி உருவாக்கி, சாணைச் சக்கரத்தில் அரைத்து, துளையிட்டு, மெருகேற்றுகிறார்கள். நாம் யமன் கல் என்று நம்பி அணிவதிலும் கம்பாத் கல் உண்டு.

சாணையில் அரைக்கும்போது எழும் வெண்தூசிதான் சிலிக்கா. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். தெரியாத நுண்தூசி நுரையீரலின் கடைசி அறைவரை இறங்கி அங்கேயே தங்குகிறது. உடல் அதை விழுங்கி ஒழிக்கப் பார்த்து முடியாமல், சுற்றிலும் தழும்பு கட்டுகிறது. நுரையீரல் விறைத்துப்போகிறது. இந்த நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். தொழிலை விட்டபிறகும் இது வளரும். இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் கம்பாத் தொழிலாளரை 1980களிலிருந்து ஆராய்ந்து, இந்நோய் அங்கே பரவலாக இருப்பதைக் கண்டது. வேலை நடப்பது வீட்டிலும் வாசலிலும் என்பதால், சாணையைத் தொடாத வீட்டுப் பெண்களையும் அண்டை வீட்டாரையும்கூட அது தாக்கியது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிஸை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் சேர்த்திருந்தும், வீட்டுத் திண்ணையில் அரைத்தவனுக்கு அந்தச் சட்டத்தின் நிழல் கிடைக்கவில்லை.

உயிருக்குக் காவல் என்று ஒருவன் விரலில் ஏறும் கல், அதைப் பளபளப்பாக்கிய இன்னொருவனின் மூச்சை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. காக்கும் சக்தி கல்லுக்கு இருந்தால், அன்றாடம் அதைக் கையில் பிடித்திருப்பவனையல்லவா முதலில் காத்திருக்க வேண்டும்?

"மதுரையில் ஒரு மோதிரம் வாங்குகிற எனக்கும் குஜராத்தில் அரைக்கிறவனுக்கும் என்ன சம்பந்தம்? நடுவில் எத்தனையோ வியாபாரிகள்" என்று கேட்கலாம். இந்தச் சம்பந்தம் இன்று ஏற்பட்டதல்ல. மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில், வைகைக் கரையில், சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2015 முதல் நடந்த அகழாய்வுகளில் சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளம் என்பது சிவந்த அகீக்தான். அவை மேற்கு இந்தியாவோடு நடந்த வாணிபத்தைக் காட்டுகின்றன என்று தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட நூலில் கூறியது. 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில் அக்காலத்து மணிகளைப் பார்க்கலாம். அந்தக் கைகளுக்கும் இந்தக் கழுத்துகளுக்கும் உள்ள தொடர்பு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது.

இன்னொன்றும் சிந்திக்கத் தக்கது. யமனிலோ குஜராத்திலோ இருக்கும் மலையிலிருந்து மதுரை வரை பறக்கத் வந்து சேரும் என்று நம்ப நம்மால் முடிகிறது. பொறுப்பு மட்டும் அவ்வளவு தூரம் வராது என்று எப்படிச் சொல்வது? தீங்கு செய்தலும் இல்லை, தீங்குக்குத் தீங்கும் இல்லை என்பது நம் ஃபிக்ஹின் பெரிய அடிப்படைகளில் ஒன்று. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது.

என்ன செய்யலாம்?

அகீக்கையே வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. எல்லாரும் வாங்குவதை நிறுத்திவிட்டால், அந்த ஏழைகளுக்கு நோயோடு பசியும் சேரும். கல்லின்மீது நீர் விட்டபடி அரைத்தால் தூசி அடங்கும். தூசியை உறிஞ்சி வெளியேற்றும் சாதனம் வைத்தாலும் பெருமளவு குறையும். இதற்கெல்லாம் செலவு உண்டு. மொத்தமாக வாங்குகிற வியாபாரிகள் நம்மவர்களிலும் இருக்கிறார்கள். எங்கே அரைத்தது, எப்படி அரைத்தது என்று அவர்கள் கேட்கத் தொடங்கினால் மாறுதல் வரும். நாம் கேட்டால்தான் அவர்கள் கேட்பார்கள். கூலி மிஞ்சாத அளவுக்குப் பேரம் பேசாதிருப்பதும் ஒரு நன்மையே. கம்பாத் தூரமென்றால் நம் பக்கத்தைப் பார்ப்போம். மேலூர்ப் பக்கத்துக் கிரானைட்டைத் தோண்டும்போதும் அறுக்கும்போதும் எழுவது இதே சிலிக்காத் தூசி. நம் பள்ளிவாசல் தரைக்கும் வீட்டுச் சமையல் மேடைக்கும் கிரானைட் இழைப்பவர் முகத்தில் கவசம் இருக்கிறதா, நீர் விட்டு அறுக்கிறாரா என்று பார்ப்பது, வேலை கொடுத்தவர்களாகிய நம் கடமை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்குப் பிரியமாக ஒரு மோதிரம் போட ஆசையிருந்தால் போடுங்கள். "இது அழகுக்கு, காவலுக்கு அல்லாஹ் இருக்கிறான்" என்று சொல்லிப் போடுங்கள். மகனுக்குக் காவல் வேண்டுமென்றால், காலையிலும் மாலையிலும் ஓத நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த துஆக்களைப் பாடமாக்கிக் கொடுத்து அனுப்புங்கள். மகளின் வரன் தள்ளிப்போவதற்குக் கல் காரணமல்ல; பல வீடுகளில் கைக்கூலிதான் காரணம். அதை ஒழிக்க எந்த மோதிரமும் வராது. ஆண் பிள்ளை பெற்ற நாம்தான் வர வேண்டும். ‘சக்தி' என்ற பெயரில் கல்லுக்கு அதிகமாகக் கொடுக்க வைத்திருந்த பணத்தை, மூச்சு வாங்கும் ஒரு தொழிலாளியின் மருந்துக்குக் கொடுத்துவிடுங்கள். நீர் நெருப்பை அணைப்பதுபோல் ஸதக்கா பாவத்தை அணைக்கும் என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. கல்லைப் பற்றி அப்படி எதுவும் சொல்லப்படவில்லை.

கல்லிலும் நீர் பெருகி வருவது உண்டு, இறையச்சத்தால் உருண்டு விழுவதும் உண்டு, ஆனால் சில உள்ளங்கள் கல்லைவிடக் கடினமாகிவிட்டன என்று பகரா சூராவில் அல்லாஹு தஆலா எச்சரிக்கிறான். விரலில் கல்லை அணியலாம். உள்ளம் கல்லாகிவிடக் கூடாது.

படைப்பைப் படைப்பாகவும், படைத்தவனைப் படைத்தவனாகவும் அறிந்து, நம்மால் எவருக்கும் தீங்கு நேராமல் வாழும் பாக்கியத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.